மூன்று கோடை, ஒரு கிளிப் லென்ஸ், அந்த இரண்டு செண்டிமீட்டர்

போனில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் (சின்னதை நெருங்கிப் பெரிதாக எடுப்பது) விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி, புற ஊதா விளக்கு போட்டு, மூன்று கோடையாக இந்த லென்ஸைப் போனில் மாட்டித்தான் அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கிறேன்.

கண்ணாடியில் குறையே இல்லை. என் கோபமெல்லாம் இடைவெளி மேல்தான். பூச்சியிலிருந்து சுமார் இரண்டு செண்டிமீட்டரில் லென்ஸ் நிற்கவேண்டும். கொஞ்சம் விலகினால் மங்கல். நெருங்கினால் போனின் நிழல் விழும், பூச்சி பறந்துவிடும். லூனா அந்துப்பூச்சி மாதிரிப் பெரியது அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் அதற்கு இந்த லென்ஸ் எதற்கு? சின்னதைப் பிடித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும். தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பூச்சி டப்பா இருந்ததைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாம் வருடம் கிளிப் ஸ்பிரிங் தளர்ந்தது. விற்றவர் போன் உறை மேல் பழி போட்டார். அன்றிலிருந்து ரப்பர் பேண்ட்.

இந்த ஜூலையில், தேசிய அந்துப்பூச்சி வாரத்தில் (2012இல் பக்கத்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தொடங்கியதுதான்), நகம் அளவில் ஒரு சாம்பல் பூச்சி, சிறகை விரித்து வேட்டியோடு ஒட்டி உட்கார்ந்தது. யூபிதீசியா என்ற பேரினம், ஆங்கிலத்தில் ‘பக்’ என்பார்கள். செதில் செதிலாகப் படம் விழுந்தது. முன்சிறகின் கறுப்புப் புள்ளியும் தெளிவு. அதில் மிசெருலாட்டா என்ற இனம், ஹாட்ஜஸ் எண் 7474 என்று முடிவே கட்டிவிட்டேன். (வட அமெரிக்க அந்துப்பூச்சிகளுக்கு ஹாட்ஜஸின் 1983 பட்டியல் கொடுத்த எண்கள் இவை. இங்கே பலருக்குப் பெயரைவிட எண்தான் முதலில் வாயில் வரும்.) விவரம் தெரிந்தவரிடம் காட்டினேன். “படம் பிரமாதம். ஆனால் சிறகு தேய்ந்திருக்கிறது. வயிற்று நுனியை அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் உறுதி” என்றார். அறுக்கப் பூச்சி ஏது? படம் எடுத்த கையோடு வேலியோரம் விட்டாயிற்று. நான் எடுத்ததிலேயே நல்ல படம், பாதிப் பெயரோடு கிடக்கிறது.

சரி, அது லென்ஸின் குற்றமில்லை. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். தனிக் கேமரா இருந்தால் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்குக் காசு சேருங்கள், தள்ளி நின்றே எடுக்கலாம் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டேன்.

இன்று வானம் மூடியிருக்கிறது, வெக்கை, காற்றும் இல்லை. பூச்சிகள் வந்து குவியும். ரப்பர் பேண்டைத்தான் காணோம்.