விம் எடிட்டரின் திரை அமைப்புகள்: குறிப்பெழுதி வைத்துப் பழகிய அனுபவம்

விசைப்பலகையாலேயே இயக்கும் உரை எடிட்டரான விம்மில் திரை அமைப்பு ஒன்றை மாற்ற ஒரு வரி போதும். அது எந்த இடத்தில் கைவிடும் என்பதுதான் மெதுவாகத் தெரியவரும். அதனால் என் விம்ஆர்சி கோப்பில் (விம் தொடங்கும்போது படிக்கும் சொந்த அமைப்புக் கோப்பு) ஒவ்வொரு அமைப்புக்கு மேலும் இரண்டு விஷயம் எழுதி வைக்கிறேன்: எதற்காகப் போட்டேன், எங்கே வேலை செய்யாது. பல வருடப் பயன்பாட்டில் அதிகம் கைகொடுத்தது இரண்டாவதுதான்.

நீளமான பத்திகளை எடுத்துக்கொள்வோம். 'ரேப்' (wrap) மட்டும் இருந்தால் வரி மடங்கும், ஆனால் சொல்லை நடுவில் வெட்டிவிடும். 'லைன்பிரேக்' சேர்த்தால் சொல் முடியும் இடத்தில் மடங்கும். 2016இல் வெளியான 8.0 பதிப்பிலிருந்து 'பிரேக்இன்டென்ட்' இருக்கிறது; மடங்கிய பகுதியையும் உள்தள்ளிக் காட்டும். எல்லாம் பார்வைக்கு மட்டும், கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாது. 'ரேப்' அணைந்திருந்தால் மற்ற இரண்டும் சும்மா கிடக்கும்.

அப்புறம் அந்த @ குறி. கடைசிப் பத்தி விண்டோவுக்குள் முழுதாக அடங்காவிட்டால், அதை அப்படியே மறைத்துவிட்டு வரிக்கு ஒரு @ போட்டு வைக்கும். கோப்பே கெட்டுப்போனதோ என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள். 'டிஸ்பிளே' அமைப்பில் 'லாஸ்ட்லைன்' என்று கொடுத்தால் முடிந்தவரை காட்டிவிட்டு, மூலையில் மட்டும் @@@ வைக்கும். விம்மோடு வரும் இயல்புநிலைக் கோப்பும் இதை ஓரளவு சரிசெய்கிறது. ஆனால் சொந்தமாக விம்ஆர்சி எழுதிவிட்டால் அந்தக் கோப்பு தானாக ஏறாது. இதை அவசியம் குறித்து வையுங்கள். 2024இல் வந்த 9.1 பதிப்பில் 'ஸ்மூத்ஸ்க்ரோல்' உண்டு, நீண்ட பத்தியைத் திரைவரி திரைவரியாக நகர்த்தலாம். எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை அது.

நிரலின் பகுதிகளை வேறுபடுத்திக் காட்டும் நிறம் பற்றிச் சுருக்கமாக: ஒரு வரியில் எத்தனையாவது நெடுவரிசை வரை நிறமிட வேண்டும் என்று சொல்லும் 'ஸின்மேக்ஸ்கால்' இயல்பாக 3000. ஒரே வரியில் கிடக்கும் பெரிய ஜேசன் (JSON) தரவுக் கோப்பில் 3000ஆவது நெடுவரிசைக்குப் பிறகு நிறம் இருக்காது, அடுத்து வரும் வரிகளிலும் தப்பாக வரலாம். வேகத்துக்காக வைத்த எல்லை, நியாயமானதுதான்.

எந்த அமைப்பாலும் முழுதாகத் தீராதது தமிழ். விம் திரையைச் சம அகலக் கட்டங்களாகவே கணக்கிடும். 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு குறியீடு; க-வுக்கு இருபுறமும் கொம்பும் காலும் விரிய வேண்டும். அதற்கு எத்தனை கட்டம் என்பதில் விம்மும் அது ஓடும் டெர்மினலும் (கட்டளைச் சாளரம்) ஒத்துப்போகாவிட்டால், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து இன்னோரிடத்திலும் நிற்கும். எழுத்துருவை மாற்றினால் தோற்றம் மேம்படலாம், கட்டக் கணக்கு மாறாது. ஆகவே தமிழில் நீளமாக எழுத வரைகலை எடிட்டரும், நிரலுக்கும் சிறு திருத்தங்களுக்கும் விம்மும் என்று பிரித்துக்கொண்டேன்.

குறிப்பு எழுதும்போது அமைப்பின் எல்லையையும் சேருங்கள். 'ரேப்' அந்தந்த விண்டோவுக்கு உரியது, டேப் எழுத்தின் அகலத்தைச் சொல்லும் 'டேப்ஸ்டாப்' அந்தந்த பஃபருக்கு, அதாவது நினைவகத்தில் திறந்திருக்கும் கோப்புக்கு. போட்ட மதிப்பு மாறிவிட்டதாகத் தோன்றினால் 'வெர்போஸ் செட்' என்று அடித்து, அமைப்பின் பெயரையும் கேள்விக்குறியையும் கொடுத்துப் பாருங்கள். கடைசியாக எந்தக் கோப்பு மாற்றியது என்று காட்டும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பிளகினாக (கூடுதலாக நிறுவிய நீட்சி) இருக்கும். சரி, அதன் பெயரையும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.