தோட்டத்துப் படங்களை டோரண்டாகப் போடுவது: சுங்கை சிப்புட்டில் மூன்று ஆண்டுப் பயன்பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை விட்டுப் போனவர்கள் கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். தீமிதித் திருவிழா வீடியோ, லயத்து வீடுகள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிபடும் முன் எடுத்த படங்கள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் பதிவு எல்லாம் சேர்ந்து 40 ஜிபி. வாட்சப்பில் போட்டால் படம் சுருங்கிவிடும். கூகுள் இலவசக் கணக்கு 15 ஜிபியோடு நின்றுவிடும். கோப்புகளைத் துண்டு துண்டாக்கி, வைத்திருப்பவர்களின் கணினிகளிலிருந்தே ஒருவருக்கொருவர் நேரடியாகப் பகிரும் முறைதான் டோரண்ட். இந்த வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. உருவாக்கும்போது செய்யும் தவறுகள்தான் பிறகு ஆளை வாட்டும்.

பயன்படுத்தியது கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருள். டூல்ஸ் பட்டியலில் டோரண்ட் கிரியேட்டர் இருக்கிறது. கோப்புறையைக் காட்டி, துண்டு அளவைத் தேர்ந்து, யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் டிரக்கர் சேவையகங்களின் முகவரிகளை ஒட்டி, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அழுத்துவதற்கு முன் கோப்புறையைச் சுத்தம் செய்வதுதான் உண்மையான வேலை.

விண்டோஸ் தானாக வைக்கும் தம்ப்ஸ் டிபி, டெஸ்க்டாப் ஐஎன்ஐ போன்ற மறைகோப்புகளை முதலில் நீக்குங்கள். அவை டோரண்டுக்குள் போய்விட்டால், பிறகு விண்டோஸ் அவற்றை மாற்றி எழுதும்போது சரிபார்ப்பு 99.9 சதவீதத்தில் நின்றுவிடும். பெயர்களையும் அப்போதே முடிவு செய்யுங்கள். தமிழில் நீளமாகக் கோப்புப் பெயர் வைத்தால் லினக்ஸ் பெட்டிகளில் சிக்கல் வரும். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழில் உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனியாக 3 பைட் எடுக்கும். 'க்' என்பதற்கே 6 பைட் போய்விடும். 'கொ' போன்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒன்றாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய ஆப்பிள் கோப்பு முறை பிரித்தே வைக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு பெயர். அதனால் கோப்புகளுக்கு எண்ணும் சிறிய ஆங்கிலப் பெயரும் வைத்து, எது என்ன என்ற பட்டியலைத் தமிழில் ஒரு உரைக் கோப்பாக உள்ளே சேர்ப்பதே நல்லது.

துண்டு அளவை ஆட்டோவில் விட்டாலும் குற்றமில்லை. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். முதல் வகை (v1) டோரண்டில் ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் எஸ்எச்ஏ-1 ஹேஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி, பதிவாகும். 40 ஜிபியை 4 எம்பி துண்டாக வெட்டினால் 10,240 துண்டு. டோரண்ட் கோப்பு ஏறக்குறைய 200 கேபி. 256 கேபியாக வெட்டினால் 1,63,840 துண்டு; கோப்பு 3 எம்பியைத் தாண்டும், மேக்னட் சுட்டியில் (டோரண்ட் கோப்புக்குப் பதிலாக அதன் அடையாளத்தை மட்டும் தரும் இணைப்பு) வருபவர் அந்த விவரம் இறங்கவே காத்திருக்க வேண்டும். 16 எம்பி என்றால் வேறு தொல்லை. ஒரு துண்டுக்குள் நாலைந்து படங்கள் அடங்கும். ஒன்று கெட்டாலும் துண்டு முழுவதும் தேறாது. படங்கள் நிறைந்த தொகுப்புக்கு 4 எம்பியே எங்கள் தேர்வு.

இந்தக் கெடுதல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இறக்கிய ஒருவர் படத்தைத் திறக்கிறார், பக்கவாட்டில் கிடக்கிறது, நிமிர்த்துகிறார். படம் பார்க்கும் செயலி அந்தக் கோப்பையே திருத்தி எழுதிவிடுகிறது. அவருடைய கணினி இன்னமும் 100 சதவீதம் என்றே காட்டும். அந்தத் துண்டை அவரிடம் கேட்பவருக்கு ஹேஷ் பொருந்தாது, துண்டு வீசப்படும், மறுபடி நடந்தால் அவர் முகவரியே தடுக்கப்படலாம். அவர் ஃபோர்ஸ் ரீசெக் (எல்லாத் துண்டையும் மறுபடி சரிபார்க்கும் கட்டளை) கொடுத்தால் கெட்ட துண்டு மட்டும் மறுபடி இறங்கிச் சரியாகும். படத்தைத் திருத்த விரும்புகிறவர்களிடம் நகலெடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இனி பொது டிரக்கரா, தனியார் டிரக்கரா என்ற கேள்வி. இரண்டிலும் டிரக்கர் கோப்பை வைத்திருப்பதில்லை. யார் யாரிடம் இந்த டோரண்ட் இருக்கிறது என்ற முகவரிப் பட்டியலைத்தான் தருகிறது. பொது டிரக்கரில் யாரும் கேட்கலாம். தனியார் டிரக்கரில் உறுப்பினருக்குக் கொடுத்த பாஸ்கீ என்ற தனிக் குறியீடு டிரக்கர் முகவரிக்குள்ளேயே இருக்கும்.

கிரியேட்டரில் 'பிரைவேட்' என்ற சிறிய பெட்டி உண்டு. அதை டிக் செய்தால் டிஎச்டி (டிரக்கர் இல்லாமலே ஆள் தேடும் வலை), பெக்ஸ் (இணைந்தவர்கள் தங்களுக்குள் முகவரி பகிர்வது), வீட்டு வலையில் தேடும் வசதி மூன்றும் அந்த டோரண்டுக்கு நின்றுவிடும். டிரக்கர் சொல்பவர்களோடு மட்டுமே தொடர்பு. இந்தக் குறி டோரண்டின் உள்விவரத்தில் எழுதப்படுகிறது. டோரண்டின் அடையாளமான இன்ஃபோஹேஷ் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. அதனால் பிறகு மனம் மாறிக் குறியை எடுத்தால் அது வேறு டோரண்ட், பழைய டோரண்டைப் பகிரும் கூட்டம் அதில் சேராது. டிரக்கர் முகவரி உள்விவரத்துக்கு வெளியே இருப்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

பொது டோரண்டுக்கு மூன்று நான்கு டிரக்கர் போதும். ஐம்பது வரிப் பட்டியலை ஒட்டுவதால் புதிதாக ஆள் வருவதில்லை, அதே ஆட்களின் முகவரிதான் திரும்பத் திரும்ப வரும். எல்லா டிரக்கரும் படுத்தாலும் டிஎச்டி வழியே ஆள் தேடிக்கொள்ளும். பிரைவேட் குறி போட்டு டிரக்கர் படுத்தாலோ புதியவர் யாரும் உள்ளே வர முடியாது.

'பிரைவேட்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். அது பூட்டு இல்லை, மென்பொருள்கள் மதிக்கும் ஒரு வேண்டுகோள். பொது டோரண்டில் கூட்டத்தில் இருப்பவர்களின் ஐபி முகவரி எல்லாருக்கும் தெரியும். டிஎச்டியைத் துழாவும் தேடுதளங்கள் கோப்புப் பெயர்களையும் எடுத்துவிடும். மேக்னட் சுட்டியைக் குடும்ப வாட்சப் குழுவில் மட்டும் போட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. வீட்டுச் சடங்குப் படங்களை செவன்-ஜிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 குறியாக்கக் கடவுச்சொல்லோடு, பெயர்களையும் மறைத்துக் கட்டி, பிறகு டோரண்டாக்குங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். திருவிழா வீடியோவில் பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் அந்தத் தடத்தை எடுத்துவிடுங்கள். படம் எடுத்தவரின் சம்மதமும் வாங்குங்கள்.

சிறு குழுவுக்குத் தனி டிரக்கர் வேண்டுமென்றால் கியூபிட்டோரண்டின் அட்வான்ஸ்ட் அமைப்பிலேயே ஒன்று உண்டு, போர்ட் 9000. பாஸ்கீ கிடையாது, ஆனால் பத்து குடும்பத்துக்குத் தாராளம். தனியார் டிரக்கர் நடத்தும் உறுப்பினர் தளங்களில் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல தளங்கள் ஏற்றிய டோரண்ட் கோப்பில் தங்கள் அடையாளத்தைச் சேர்ப்பதால் இன்ஃபோஹேஷ் மாறிவிடும். தளத்திலிருந்து அந்தக் கோப்பை மறுபடி இறக்கி அதைத்தான் சீட் செய்ய (மற்றவர்களுக்குத் தொடர்ந்து கொடுக்க) வேண்டும். இல்லையென்றால் 'அன்ரெஜிஸ்டர்ட் டோரண்ட்' என்றுதான் வரும்.

இந்த வட்டாரத்தில் பெரிய தடை இணைப்புதான். ஃபைபர் எட்டாத வீடுகளில் மொபைல் மோடம். அதில் பெரும்பாலும் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி. ரூட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் வெளியிலிருந்து இணைப்பு வரப் போர்ட் திறந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட இருவர் ஒருவரையொருவர் பெரும்பாலும் எட்டவே முடியாது. திறந்த போர்ட் உள்ள ஒருவராவது கூட்டத்தில் இருந்தாக வேண்டும். ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் முதல் முழு நகல் போக ஏறக்குறைய 5 மணி நேரம். மாலை இடிமழையில் மின்சாரம் தடைப்பட்டால் அது நாள் கணக்காகும், அதனால் சீட் பெட்டிக்குச் சின்ன யுபிஎஸ் அவசியம்.

இரண்டாவது சீட் பெட்டியைக் கிள்ளானில் வைக்க இணையமே தேவைப்படவில்லை. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வட்டில் கோப்புறையை நகலெடுத்துப் பேருந்தில் கொடுத்தனுப்பலாம். ஃபேட்32 வட்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது. அங்கே டோரண்ட் கோப்பைத் திறந்து, சேமிக்கும் இடமாகத் தொகுப்புக் கோப்புறையைக் காட்டாமல் அதற்கு மேலுள்ள கோப்புறையைக் காட்டி, ஃபோர்ஸ் ரீசெக் கொடுங்கள். தொகுப்புக் கோப்புறையையே காட்டினால் 0 சதவீதம் என்று வந்து முழுவதையும் மறுபடி இறக்க ஆரம்பிக்கும். சரியாகக் காட்டினால் ஒரு பைட்கூட இறங்காமல் 100 சதவீதத்தில் சீட் தொடங்கிவிடும்.