சீன ஆய்வு மையம்: மூலநிதியா, அரசு மானியமா, பெய்ஜிங் பணமா?

ஒரு பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வு மையம் நடத்தப் பணம் வரும் வழிகள் மூன்று. நன்கொடையை மூலநிதியாகப் போட்டு அதன் வருமானத்தில் நடத்துவது ஒன்று. உள்நாட்டு அரசின் மானியம் இரண்டாவது. சீன மொழியையும் பண்பாட்டையும் கற்பிக்க, சீன அரசின் ஆதரவோடு வளாகத்துக்குள் வரும் கன்ஃபூசியஸ் நிறுவனம் மூன்றாவது. எங்கள் சாய்வு முதல் வழியின் பக்கம். அதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பொருத்தமானது. மூன்று வகைப் பணமும் அந்த ஒரே வளாகத்துக்கு வந்திருக்கிறது. அங்கே சீன ஆய்வு மையம் 1961-ல் தொடங்கியது. முதல் இயக்குநர் வரலாற்றாசிரியர் ஆல்பர்ட் ஃபாயர்வெர்க்கர். 2014-ல் ரிச்சர்ட், சூசன் ரோகல் தம்பதி ஒரு கோடி டாலர் கொடுத்ததையடுத்து, அங்கே பேராசிரியராக இருந்த கென்னத் லீபர்தாலின் பெயரையும் சேர்த்து அது லீபர்தால்-ரோகல் மையம் என்று பெயர் மாறியது. அதே பல்கலையில் 2009-ல் ஒரு கன்ஃபூசியஸ் நிறுவனமும் வந்தது. 2019-ல் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கப்படவில்லை.

வாராந்தரச் சொற்பொழிவு, சீனப் புத்தாண்டு விழா, திரையிடல், எழுத்துக்கலைப் பயிற்சி எல்லாம் மூன்று வழியிலும் நடக்கும். அவற்றை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கன்ஃபூசியஸ் நிறுவனத்தின் கவர்ச்சி வேகம். ஹான்பான் என்ற சீன அரசு அமைப்பு தொடக்கச் செலவுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் டாலர் வரை, ஏறத்தாழ 3,000 புத்தகங்கள், சம்பளத்தோடு ஆசிரியர்கள், கூட்டாளியாக ஒரு சீனப் பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கொடுத்தது. ஓராண்டுக்குள் வகுப்பு தொடங்கிவிடும். சீன மொழி ஆசிரியரே இல்லாத ஊருக்கு இது பெரிய உதவிதான், அதை மறுக்க வேண்டியதில்லை.

தகராறு எங்கே வரும்? ஆசிரியரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் வரும். பல்கலையின் மதிப்பெண் வகுப்பை எடுப்பவரை வெளிநாட்டு அரசு அமைப்பு தேர்ந்தெடுத்தால், துறைப் பேராசிரியர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். சிகாகோ பல்கலையில் 2014-ல் நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அந்த ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது. மிச்சிகனில் அது கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளோடு நின்றுகொண்டதால் வகுப்பறைச் சண்டை வரவில்லை. ஆனாலும் தப்பவில்லை. கன்ஃபூசியஸ் நிறுவனம் உள்ள பல்கலையின் சீன மொழித் திட்டத்துக்குப் பாதுகாப்புத் துறைப் பணம் கிடையாது என்று 2018-ல் சட்டம் வந்தது. ஆரெகன் பல்கலை போன்றவை பாதுகாப்புத் துறைப் பணத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மூடின. அமெரிக்காவில் 2019 வாக்கில் நூறை ஒட்டியிருந்த கன்ஃபூசியஸ் நிறுவனங்களின் எண்ணிக்கை 2023-ல் ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலூர் விஐடியிலும் 2009-ல் செங்சோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இப்படி ஒன்று தொடங்கப்பட்டது. 2020-ல் இந்தியக் கல்வி அமைச்சகம் மறுஆய்வுக்கு எடுத்த பட்டியலில் அதுவும் இருந்தது. வளாகத்துக்குள் ஒரு தவறும் நடக்காவிட்டாலும் இரண்டு தலைநகரங்களுக்கு இடையிலான உறவு கெட்டால் மையம் போய்விடும். நீண்டகால ஆய்வை அதன்மேல் கட்ட முடியாது.

அரசு மானியம் இதைவிட நல்லது. அமெரிக்காவில் இதற்கு 1958-ன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வழிவிட்டது. அதன் ஆறாம் பிரிவை எல்லோரும் ‘டைட்டில் சிக்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். நான்காண்டுச் சுற்றில் போட்டி நடக்கும். இதில் எங்களுக்குப் பிடித்த அம்சம், பள்ளி ஆசிரியர்களுக்கும் பொதுமக்களுக்கும் செய்யப்போகும் பணியை விண்ணப்பத்திலேயே எழுதியாக வேண்டும் என்பது. மக்கள் பணியைப் பல மையங்கள் உருப்படியாகச் செய்ததற்கு இந்த நிபந்தனையே காரணம். இதே பிரிவில் வரும் ஃபிளாஸ் மொழி உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். சென்னையிலிருந்து போகும் மாணவர் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

நிலைப்புதான் இதில் இல்லை. 2011-ல் இந்தத் திட்டங்களின் நிதி ஒரே வீச்சில் சுமார் 40 சதவீதம் குறைக்கப்பட்டது. 2022-ல் தொடங்கிய சுற்று முடிய ஓராண்டு இருக்கும்போதே, 2025 செப்டம்பரில் கல்வித் துறை மீதித் தொகையை நிறுத்திவிட்டது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் மக்கள் பணி ஒருங்கிணைப்பாளர்தான் முதலில் போவார். பள்ளிகளோடு பல ஆண்டாகச் சேர்த்த தொடர்பும் அவரோடு போய்விடும். அடுத்த சுற்றில் பணம் வந்தாலும் எல்லாம் முதலிலிருந்துதான்.

ஆக, தேர்வைத் தீர்மானிப்பது பராமரிப்பு. தொடங்குவதற்குப் பணம் எங்கிருந்தும் வரும். பதினைந்தாம் ஆண்டில் நூலகருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

மூலநிதி எப்படி வேலை செய்யும் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டியது இந்த அடிப்படையில்தான். முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய்வது. மிச்சிகன் பல்கலையின் விதி, மூலநிதியின் கடந்த ஏழாண்டுச் சராசரி மதிப்பில் ஆண்டுக்கு 4.5 சதவீதத்தை மட்டும் எடுப்பது. ஒரு கோடி டாலரை முழுக்க அப்படி வைத்தால் ஆண்டுக்கு 4,50,000 டாலர் வரும். ஏழாண்டுச் சராசரி எதற்கு? பங்குச் சந்தை ஓராண்டு 20 சதவீதம் விழுந்தாலும் அந்த ஆண்டுப் பணம் 20 சதவீதம் விழாது. அடி பல ஆண்டுகளில் பரவிவிடும். ஆய்வு மாணவரின் உதவித்தொகையைப் பாதியில் நிறுத்த வேண்டிய நிலை வராது.

இதே விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் கோளாறையும் பார்க்கவேண்டும். நம் பல்கலைகளில் எத்தனையோ அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் ஒரு லட்சம் ரூபாயை வைப்பில் போட்டு, வட்டியைக் கடைசி ரூபாய்வரை செலவழித்து வந்தால், முதல் அப்படியே இருக்கும். விலைவாசி எங்கோ போயிருக்கும். இன்று அந்த வட்டியில் பேச்சாளருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்தால் பொன்னாடைக்கு மிஞ்சாது. ஆகவே வட்டி 7 சதவீதம் வந்தால் 4 சதவீதத்தை மட்டும் எடுத்து, 3 சதவீதத்தை முதலோடு சேர்க்கவேண்டும். இதை நன்கொடைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் இயக்குநரின் நல்ல மனதை நம்பி விடக்கூடாது.

பத்து கோடி ரூபாய் மூலநிதி என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம். எங்கள் பங்கீடு இது: சீன நூல்களை அட்டவணைப்படுத்தத் தெரிந்த நூலகருக்கு 8 லட்சம், ஒருங்கிணைப்பாளருக்கு 8, நூல்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் 10, இரண்டு ஆய்வு மாணவர்களின் களப்பணிக்கு 8, பள்ளி ஆசிரியர் பயிலரங்குக்கு 4, சொற்பொழிவுக்கு 2. சொற்பொழிவுக்குக் கடைசி இடம் கொடுத்தது யோசித்துத்தான். மேடைக்குப் பணம் தரப் பலர் உண்டு, நூலகருக்குத் தர ஆள் கிடையாது. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். வரிசையை மாற்றவேண்டாம் என்பது எங்கள் கருத்து.

நூலகருக்கு ஏன் இத்தனை அழுத்தம்? மூவாயிரம் சீன நூல்கள் நன்கொடையாக வந்து இறங்கினால், அட்டவணைப்படுத்த ஆளில்லாமல் பெட்டியோடு கிடக்கும். சீன எழுத்தில் தலைப்பை ஏற்றாமல் ரோமன் ஒலிபெயர்ப்பை மட்டும் ஏற்றினால் ‘ஷி’ என்ற ஒரே ஒலிக்கு வரலாறு, கவிதை, நகரம், உண்மை என்று பல எழுத்துகள் வந்து தேடல் குழம்பும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000 அக்டோபரில்தான் வேட்-ஜைல்ஸ் என்ற பழைய ரோமன் ஒலிபெயர்ப்பு முறையிலிருந்து இன்றைய பின்யின் முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய பதிவுகளை இரவல் வாங்கிச் சேர்த்தால் ஒரே ஆசிரியர் மாவோ சே-துங் என்றும் மாவோ சேதோங் என்றும் இரண்டு ஆளாக நிற்பார். இதைச் சரிசெய்வது ஓராண்டுத் திட்டத்தில் முடிகிற காரியமல்ல.

தரவுத்தளம் இருக்கிறதே, அச்சு நூல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 நல்ல பதில். அன்றுமுதல் சிஎன்கேஐ என்ற சீனத் தரவுத்தளம் முனைவர் பட்ட ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள், புள்ளிவிவர ஆண்டு நூல்கள் போன்றவற்றை வெளிநாட்டு வாசகர்களுக்குக் கட்டுப்படுத்தியது. சந்தா என்பது வாடகை வீடு மாதிரி, சாவி உரிமையாளரிடம்தான். மாகாண ஆண்டு நூல்களை அச்சில் வாங்கி அடுக்கிவந்த நூலகங்களில் வேலை தொடர்ந்தது. மிச்சிகனின் ஆசிய நூலகம் 1948 முதல் சேர்த்துவருகிறது. அப்படிச் சேர்ப்பதற்கு இடைவெளி விழாத பணம் வேண்டும்.

ஆய்விலும் கதை இதுதான். சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் ஹார்ட்வெல் என்ற வரலாற்றாசிரியர் தனியாகச் சேர்த்த தரவை ஹார்வர்டு-யென்சிங் நிறுவனத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்று ஹார்வர்டின் ஃபேர்பேங்க் மையம், தைவானின் அகாடமியா சினிகா, பெய்ஜிங் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து அதை நடத்துகின்றன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய காலச் சீனர்களின் பதவி, உறவு, ஊர் விவரங்கள் எல்லோருக்கும் இலவசம். நான்காண்டு மானியத்தை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூலநிதியிலும் ஆபத்து உண்டு. முதலாவது, குறுகிய நோக்கம். ‘மிங் வம்சப் பீங்கான் ஆய்வுக்கு மட்டும்’ என்று பத்திரம் எழுதினால், ஆளில்லாத ஆண்டில் பணம் முடங்கும். ‘முதல் விருப்பம் பீங்கானுக்கு, தகுதியானவர் இல்லாவிட்டால் சீன ஆய்வு எதற்கும்’ என்று எழுதவேண்டும். இரண்டாவது, தவணை. ஐந்தாண்டில் தருகிறேன் என்று வாக்களித்த தொகை முதலாண்டிலேயே முழு வருமானம் தராது. இந்த இடைவெளிக்குத்தான் அரசு மானியம் சரியான துணை. மூன்றாவது மிகவும் மோசமானது. நிதியம் வந்துவிட்டதே என்று பல்கலை தன் பங்கைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். மையத்திடம் மொத்தப் பணம் முன்பிருந்த அளவே இருக்கும். பல்கலையின் தற்போதைய ஒதுக்கீடு, பணியிடங்கள், அறைகள் என்னென்ன என்று பத்திரத்தின் இணைப்பில் எண்ணிக்கையோடு எழுதி, அவை குறையக்கூடாது என்று கையெழுத்து வாங்கவேண்டும். கொடையாளருக்குப் பெயர்ப்பலகை கிடைக்கலாம். தேர்வுக் குழுவில் இடம் கிடைக்கக்கூடாது. கன்ஃபூசியஸ் நிறுவனத்திடம் எதை எதிர்த்தோமோ அதைச் செல்வந்தரிடம் ஏற்பதில் நியாயமில்லை.

மக்கள் பணிக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல வார்ப்பு இருக்கிறது. ஃப்ரீமன் அறக்கட்டளை ஆதரவில் 1998-ல் தொடங்கிய ஆசியா கற்பித்தல் கூட்டமைப்பு, பல பல்கலை மையங்கள் வழியாகப் பள்ளி ஆசிரியர்களுக்கு 30 மணி நேரப் பயிலரங்கு நடத்துகிறது. ஒருநாள் கருத்தரங்கில் ஆசிரியருக்குக் கோப்பும் சாப்பாடும் கிடைக்கும், வகுப்பறையில் ஒன்றும் மாறாது. வாரம் 3 மணி நேரம், 10 வாரம் என்று பிரித்தால் படித்துவிட்டு வர நேரமிருக்கும். தேர்வு மாதங்களைத் தவிர்க்கவேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது எடுப்பவர்கள் ஜனவரிக்குப் பிறகு வரமாட்டார்கள். வாராந்தர வாசிப்பு 40 பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஊக்கத்தொகையைப் பாதி முன்பணமாகவும், பாதியை ஆசிரியர் தன் வகுப்புக்கான பாடத்திட்டத்தை எழுதிக் கொடுத்த பிறகும் தரவேண்டும். முழுவதையும் முதலில் கொடுத்தால் பாடத்திட்டம் வராது. நடத்துபவர் மையத்தின் நிரந்தர ஊழியராக இருந்தால்தான் அடுத்த ஆண்டு அதே ஆசிரியரைக் கூப்பிட்டு, பாடம் எப்படிப் போனது என்று கேட்க முடியும்.