சவுண்டு சர்வர் சிபியுவைத் தின்றது, தீனி போட்டது நான்

பத்து வருடத்துக்கு மேலாக லினக்ஸில்தான் பாட்டு கேட்கிறேன். எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பின்னணி நிரல்தான் சவுண்டு சர்வர். எனக்கு முதலில் பல்ஸ்ஆடியோ, உபுண்டு 22.10 வந்தபிறகு பைப்வயர். இரண்டிலும் ஒரு தடவை சிபியு எகிறி ஃபேன் கத்தியது, இரண்டுக்கும் காரணம் நானேதான்.

பல்ஸ்ஆடியோ காலத்துக் கதை இது. பழைய லேப்டாப், இரண்டே கோர். ஒரு எம்பி3 ஓடினாலே, எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பல்ஸ்ஆடியோ முதல் வரிக்கு வந்து ஒரு கோரில் கால்வாசியை எடுத்துக்கொள்ளும், பாட்டை நிறுத்தினால் உடனே இறங்கிவிடும். அப்படியென்றால் சர்வர் சும்மா சுற்றவில்லை, ஓடுகிற பாட்டை என்னவோ செய்துகொண்டிருக்கிறது. பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பான டேமன்.கான்ஃபைத் திறந்து பார்த்தேன். எப்போதோ "ஒலித்தரம் கூடும்" என்று எங்கோ படித்துவிட்டு மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) 192000 என்றும், ரீசாம்பிளிங் முறையை (ஒரு வீதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வழி) ஸ்பீக்ஸ்-ஃப்ளோட்-10 என்றும் போட்டு வைத்திருக்கிறேன்! சொந்தச் செலவில் சூனியம். இந்த முறைக்கு 0 முதல் 10 வரை படிகள் உண்டு, இயல்பாக இருப்பது 1. 44100-இல் இருக்கும் பாட்டை அந்த உச்சப்படியில் 192000-க்கு ஊதிப் பெருக்கினால் சிபியு என்ன செய்யும்? அதோடு இந்த வேலை ஒவ்வொரு ஒலி ஓடைக்கும் (ஸ்ட்ரீம்) தனித்தனியாக நடக்கிறது, பிரௌசரில் இன்னொரு வீடியோவும் ஓடினால் சுமை இரட்டிப்பு. இரண்டு வரியையும் கமெண்ட் ஆக்கி, அதாவது செயல்படாமல் செய்துவிட்டு சர்வரைக் கொன்று எழுப்பினேன், இரண்டு மூன்று சதவீதத்தில் அடங்கியது. காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, என் ஹெட்ஃபோன் அப்படி ஒன்றும் உசத்தி இல்லை என்பது வேறு விஷயம்.

சின்னதாக இன்னொன்று: ஒலி அளவைச் சரிசெய்ய பாவுகண்ட்ரோலைத் திறந்து மூடாமல் விடுவேன். அதில் துள்ளுகிற மீட்டர் பட்டைகளும் சிபியு சாப்பிடுகின்றன, ஆகவே அளந்து பார்க்கும்போது அதை மூடிவிடுங்கள்.

பைப்வயரில் நடந்தது வேறு மாதிரி. மிடி கீபோர்டு (கணினியில் இணைத்து வாசிக்கும் இசைக் கீபோர்டு) பழகியபோது, விசையை அழுத்தினால் ஒலி தாமதமாக வருகிறதே என்று குவாண்டத்தை (சர்வர் ஒரு தடவைக்குக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை) 64 எனக் கட்டாயப்படுத்தி, லாகின் ஆனதும் ஓடும் ஸ்கிரிப்டில் போட்டேன். கீபோர்டு பரணுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது, ஸ்கிரிப்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 48000 வீதத்தில் 64 என்றால் நொடிக்கு 750 தடவை சர்வர் விழித்து எழ வேண்டும். இயல்பான 1024-இல் கிட்டத்தட்ட 47 தடவைதான். பைப்வயருக்கான டாப் போன்ற பிடபிள்யூ-டாப்பைத் திறந்ததும் குவாண்ட் பத்தியில் 64 பல்லிளித்தது, பக்கத்தில் பிழை எண்ணிக்கையும் (நேரத்துக்குள் வேலை முடியாமல் போன தடவைகள்) ஏறிக்கொண்டே இருந்தது. அவ்வப்போது கேட்ட சடசடப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது, அதுவரை ஹெட்ஃபோன் வயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். அப்புறம் இதுவரை தொல்லை இல்லை. வீடியோ மீட்டிங்கில் ஃபேன் இப்போதும் கத்துகிறது, ஆனால் டாப்பில் மேலே நிற்பது பிரௌசர்.