கல்யாண வீடியோவுக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர்: மூன்று வருட அனுபவம்

2022 ஆகஸ்ட்டில் இந்த மானிட்டரை வாங்கினேன். 27 இன்ச், 2560×1440, 165 ஹெர்ட்ஸ் (அதாவது திரை வினாடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிக்கும்), ஐபிஎஸ் வகைப் பேனல். விலை 29 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ராத்திரி பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். இரண்டுக்கும் தனித்தனியாக மானிட்டர் வாங்க அப்போது பணமில்லை.

வாங்கும்போது என்னை இழுத்தது, டிசிஐ-பி3 என்ற சினிமா அளவின் வண்ணங்களில் 95 சதவீதம் காட்டும் என்று பெட்டியில் போட்டிருந்த வரி. நிறைய கலர் தெரிந்தால் எடிட்டிங்குக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். மாட்டியதும் படம் அப்படியே அள்ளியது. குங்குமம், மருதாணி, மாலையில் இருக்கும் ரோஜா எல்லாம் பளிச்சென்று இருந்தன.

அந்தப் பளிச்சுதான் இரண்டாவது மாதமே காலை வாரிவிட்டது. ஒரு முகூர்த்த வீடியோவில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு கண்ணைக் குத்துகிற மாதிரித் தெரிந்தது. முகங்களிலும் சிவப்பு ஏறியிருந்தது. கேமராவில்தான் அப்படி வந்திருக்கிறது என்று நினைத்து, சிவப்பைக் குறைத்து முடித்துக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, டிவியில போட்டுப் பார்த்தோம். புடவை சாயம் போன மாதிரி இருக்கே. முப்பதாயிரம் போட்டு காஞ்சிபுரத்துல எடுத்தது தம்பி." அவர் கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே எனக்கு மனசு கேட்கவில்லை. முழு வீடியோவையும் திரும்பக் கலர் செய்து கொடுத்தேன்.

நடந்தது இதுதான். நாம் பென்டிரைவில் கொடுப்பதும் யூடியூபில் ஏற்றுவதும் ரெக் 709 என்ற அளவில் செய்த வீடியோ. சிவப்பு, பச்சை, நீலம் எதுவரை போகலாம் என்ற எல்லை அதிலும், கணினித் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி அளவிலும் ஒன்றுதான். பி3 எல்லை அதைவிட அகலம். வண்ண எல்லை அகலமான மானிட்டரை அப்படியே விட்டால், சின்ன எல்லைக்குச் செய்த படத்தைத் தன் எல்லை வரைக்கும் இழுத்துக் காட்டும். சிவப்பிலும் பச்சையிலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான் குறைத்தது வீடியோவில் இல்லாத சிவப்பை.

தீர்வு மானிட்டரின் மெனுவுக்குள்ளேயே இருந்தது. எஸ்ஆர்ஜிபி மோடை எடுத்தால் வண்ணங்கள் சரியான எல்லைக்குள் வந்துவிடும். சில மானிட்டர்களில் இந்த மோடுக்குப் போனால் வெளிச்சத்தை மாற்ற விடாமல் பூட்டிவிடுவார்கள். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்னுடையதில் மாற்ற முடிகிறது.

அப்புறம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கருவி வாங்கி அளந்தேன். வெள்ளையில் நீலம் ஏறியிருந்தது. திரையின் நிறத்தைத் திருத்த விண்டோஸில் ஒரு கலர் ப்ரொஃபைல் கோப்பைப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எல்லா மென்பொருளும் அந்த ப்ரொஃபைலை மதிப்பதில்லை. அதனால் மானிட்டரின் மெனுவிலேயே சிவப்பு, பச்சை, நீல அளவுகளை நகர்த்தி வெள்ளையை 6500 கெல்வினுக்கு அருகில் கொண்டுவந்தேன். வெளிச்சம் 120 நிட்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் பின்விளக்கு மெல்ல மங்கியிருக்கிறது. முதலில் மெனுவில் 28இல் வைத்தால் வந்த வெளிச்சத்துக்கு இப்போது 34 வைக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி கேமுக்கு உட்காரும்போது அகலமான வண்ண மோடுக்கு மாற்றிவிடுவேன். அங்கே புல் கொஞ்சம் அதிகப் பச்சையாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஹெர்ட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 60இல் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்கும், 165இல் ஏறக்குறைய 6. சுட்டுக்கொண்டே திரும்பும்போது எதிரியின் உருவம் கலையாமல் தெரியும். பழகிய பிறகு 60க்குத் திரும்ப முடியாது. ஆனால் புது மானிட்டரை மாட்டினால் விண்டோஸ் பெரும்பாலும் 60இலேயே வைத்துவிடுகிறது. டிஸ்ப்ளே அமைப்புகளுக்குள் போய் நாமேதான் மாற்ற வேண்டும். என் மானிட்டரில் எச்டிஎம்ஐ வழியாக 144 வரைதான் போகும், முழு 165க்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டும்.

எடிட்டிங்கிலும் ஹெர்ட்ஸுக்கு வேலை இருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து சீரியல் லைட் மினுக்காமல் இருக்க வினாடிக்கு 25 பிரேமில்தான் எடுப்போம். அதை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் சில பிரேம் இரண்டு தடவையும் சில பிரேம் மூன்று தடவையுமாக வரும். கேமரா மெதுவாக நகரும் இடங்களில் லேசாகத் தட்டும். டிரோன் ஷாட்டில் இந்தத் தட்டலைப் பார்த்து கேமரா ஆளைக் குறை சொல்லியிருக்கிறேன். அது நியாயமில்லை. இப்போது எடிட் செய்யும்போது மானிட்டரை 100 ஹெர்ட்ஸில் வைக்கிறேன். ஒவ்வொரு பிரேமும் சரியாக நாலு தடவை வருகிறது, ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது.

1 மில்லி வினாடி ரெஸ்பான்ஸ் என்று பெட்டியில் இருந்ததை மறந்துவிடலாம். அது ஓவர்டிரைவை, அதாவது புள்ளிகள் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் அமைப்பை, உச்சத்தில் வைத்து அளந்தது. அங்கே வைத்தால் நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நடு அளவுதான் சரி. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லும் எச்டிஆர் 400 முத்திரையும் அப்படியே. போட்டுப் பார்த்தேன், படம் வெளுத்துப்போனது, அணைத்துவிட்டேன்.

உண்மையான குறை, கறுப்பு. ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஏறக்குறைய 1000:1. விளக்கை அணைத்துவிட்டு இருட்டான கேம் ஆடினால் கறுப்பு சாம்பலாகவும் மூலைகளில் வெளிச்சம் கசிவதாகவும் தெரியும். மானிட்டருக்குப் பின்னால் ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வைத்த பிறகு கண்ணுக்கு அது உறுத்தவில்லை. விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு இதைவிட ஆழம், ஆனால் நான் பார்த்தவற்றில் இருட்டுக் காட்சி நகரும்போது மை இழுபட்ட மாதிரி இருந்தது.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கேமுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். எடிட்டிங்கில் டைம்லைனும் மெனுவும் நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அந்தத் தடம் திரையிலேயே பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கும் பொருளில் அந்தப் பயத்தோடு என்னால் உட்கார முடியாது.

4கே? 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள், இதில் 37 லட்சம். கிராபிக்ஸ் கார்டு இரண்டேகால் மடங்கு புள்ளிகளை நிரப்ப வேண்டும். என்னிடம் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கனமான கேம்களில் அதற்குத் திணறும். 4கே வீடியோவில் ஃபோகஸ் சரியா என்று பார்க்க 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்கிறேன். எடிட்டிங் மட்டும் செய்பவராக இருந்தால் 27 இன்ச் 4கே வாங்கலாம்.

இன்னொன்று. முதலில் வந்த பீஸில் நடுவில் அணையாத பச்சைப் புள்ளி ஒன்று இருந்தது. வாரண்டியில் ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்ற மாட்டோம் என்றார்கள். திருப்பிக் கொடுக்கும் பத்து நாள் முடியாததால் தப்பித்தேன். பெட்டியைப் பிரித்த அன்றே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் அந்தப் பத்து நாள் முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.