வரன் தேட இணையமா, நேர் அறிமுகமா?

எனக்குத் திருமணம் இணையத்தின் வழியாக அமைந்தது. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் பழகி மணந்தவர்களும் சொந்தத்தில் பேசி மணந்தவர்களும் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். நேரில் பார்த்தால் குரல், நடை, கோபம் எல்லாம் தெரியும். ஓட்டலில் பரிமாறுகிறவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதும் தெரியும். இணையத்தில் தெரிவது புகைப்படம். அதிலும் பல நேரம் பக்கத்தில் நின்ற நண்பனை வெட்டிவிட்டு, தோளில் அவன் கையை மட்டும் விட்டுவைத்த புகைப்படம். ஆனால் இணையத்தில் ஆட்கள் அதிகம். வேலூர்க்காரர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். இங்கே படித்தவர்களில் பலருக்கு வேலை சென்னையிலோ பெங்களூரிலோதான். வெள்ளி இரவு காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, ஞாயிறு மாலை மறுபடியும் ரயில் ஏறுகிறவர்கள், கிடைக்கிற நேரத்தில் துணி துவைப்பார்களா, துணை தேடுவார்களா?

இணையத்தில் பொய் சொல்வார்கள் என்பது பெரியவர்களின் முதல் வாதம். சொல்கிறார்கள்தான். ஆனால் வள்ளிமலை நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது? முருகன் வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், கிழவராக வந்து வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டார். அத்தனையும் நேரில்தான்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்வது வேறொன்றை. பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ள என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது?

சொந்தத்தில் வரும் வரனை மறுத்துப் பாருங்கள். வேன் நிறைய ஆட்கள் வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, “வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்று கிளம்புவார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நமக்கு வருத்தத்தோடு போயிற்று. நாம் வேண்டாம் என்றால் நடுவில் நின்றவருக்கு அவமானம். அத்தை கொண்டுவந்த ஆரணி வரனில் பையன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள், நான் முடியாது என்றேன். அதற்காக அத்தை, அக்கா மகனின் காதுகுத்துக்கு வரவில்லை. அப்பா நேரில் போய் அழைத்தும் வரவில்லை. என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது அவர். சொந்தபந்தத்தில் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியது நான்.

தானாகப் பழகுவதிலும் இதே சிக்கல் உண்டு. பாகாயம்–காட்பாடி பஸ்ஸில் தினமும் உடன் ஏறுகிறவர், ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்காருகிறவர், அதே வார்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர் என்று யாரோ ஒருவர் விருப்பத்தைச் சொல்கிறார். உங்களுக்கு விருப்பமில்லை. மறுநாள் காலையும் அதே பஸ்தான், அதே முகம்தான். இதற்காகவே முந்தைய பஸ்ஸுக்கு மாறிய பெண்கள் உண்டு, வேலையையே விட்டவர்களும் உண்டு. சரி என்று சொல்லிவிட்டால் மட்டும் நிம்மதியா? கோட்டைப் பூங்காவில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், சத்துவாச்சாரி வீட்டுக்கு நாம் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விடும். பழகினோம், ஒத்துவரவில்லை, பிரிந்தோம் என்பதற்கு இந்த ஊரில் இடமே இல்லை. பழகினால் கட்டிக்கொள்ள வேண்டும்.

திருமணத் தளத்தில் விலகுவது ஒரு வரி வேலை. சில வாரங்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், “எங்கள் பக்கம் ஐம்பது சவரன் சாதாரணம்” என்று ஒருநாள் எழுதினார். வரதட்சணைக்கு எதிராக 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. அவருக்கு இன்னும் செய்தி போகவில்லை போலிருக்கிறது. “எங்கள் பக்கம் இல்லை” என்று எழுதி முடித்துக்கொண்டேன். எந்த அத்தைக்கும் மனக்கசப்பு இல்லை. அதே பேச்சு எங்கள் கூடத்தில், பெரியவர்கள் முன்னால் வந்திருந்தால் அப்பா தலையாட்டியிருப்பார்.

மறுப்பது இவ்வளவு சுலபமாக இருப்பதில் கேடும் உண்டு. இரண்டு அங்குல உயரத்துக்காக நல்ல மனிதர்களைத் தள்ளிவிட்டு, அடுத்தது இன்னும் நன்றாக இருக்கும் என்று விரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

விசாரிப்பதில் நேர் அறிமுகம்தான் மேல் என்பார்கள். திருமணத் தளங்கள் பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சான்றில் பெயரும் வயதும் இருக்கும், குணம் இருக்காது. அதனால் என் கணவரைப் பற்றி விசாரிக்க மாமா குடியாத்தத்துக்கே போனார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று யாரைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள். டீக்கடைக்காரர் மட்டும், “கணக்கு வைக்க மாட்டான், அன்றைக்கே காசு கொடுத்துவிடுவான்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருமணத் தளங்கள் சாதிவாரியாகத்தான் ஆட்களை அடுக்கி வைத்திருக்கின்றன. எனக்குத் தெரிந்து சாதி தாண்டி மணந்தவர்கள் எல்லோரும் நேரில் பழகியவர்களே.

டிண்டர் போன்ற டேட்டிங் செயலிகளைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. பெங்களூரில் உடன் தங்கியிருந்த தோழி பயன்படுத்தினாள். அவள் சொன்னதுதான் என் அறிவு. முதல் சந்திப்பை ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், பகலில் வைத்துக்கொள்வாள். பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்கிறவரை அதோடு விட்டுவிடுவாள். பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. அமெரிக்காவில் 2017-ல் இணைந்த ஆண்-பெண் ஜோடிகளில் ஏறத்தாழ 39 சதவீதம் பேர் இணையத்தில் சந்தித்தவர்கள் என்கிறது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் ஆய்வு. நண்பர்கள் அறிமுகம் செய்துவைக்கும் வழக்கத்தை அங்கே இணையம் பின்னுக்குத் தள்ளியது. இங்கே அது கைவைத்திருப்பது அத்தைகளின் அதிகாரத்தில்.

நான் சொன்ன வசதி எல்லாம் கணக்கு நம் கையில் இருக்கும்வரைதான். பெற்றோர் பதிவு செய்து அவர்களே பதில் எழுதினால், ‘விருப்பமில்லை’ என்பதற்கு மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டும். தம்பிக்கு இப்போது பதிவு போட்டிருக்கிறோம். ஜாதகத்தை ஏற்றியது அம்மா. கடவுச்சொல் தம்பியிடம்.