டெரானோ வைத்திருப்பவர்களே, 'சாமான் கிடைக்காது' என்றால் நம்பாதீர்கள்

தர்மபுரியில் 2014 மாடல் நிசான் டெரானோ டீசல் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பென்னாகரம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்பக்கம் கடக் கடக் என்று சத்தம். பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம், சண்டை முடிந்துவிட்டது.

முன்சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டும் போய்விட்டது என்றார் ஒர்க் ஷாப்காரர். அது உண்மைதான், அதிலிருக்கும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியதை நானே பார்த்தேன். அப்புறம்தான் கதை விட ஆரம்பித்தார். "இந்த வண்டியையே நிறுத்திட்டாங்க சார், நிசான் ஒரிஜினல் சாமான் பெங்களூர்ல சொல்லி வைக்கணும், பத்து நாள் ஆகும், கொஞ்சம் கூடத்தான் வரும்." சரி என்று தலையாட்டிவிட்டு பத்து நாள் பஸ்ஸில் அலைந்தேன். பில் லேபர் சேர்த்து 16,500. அதில் பார்ட் நம்பரே இல்லை, 'ஆர்ம் செட்' என்று கையெழுத்தில் ஒரே வரி.

ஒரு வாரம் கழித்து டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் நிசான் இல்லை, ரெனோ கம்பெனியின் டைமண்ட் முத்திரை. விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியிருந்தார்கள், ஆனால் 'ஆர்' என்று முடியும் பார்ட் நம்பர் அப்படியே இருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்கு போன் போட்டு அந்த நம்பரைச் சொன்னேன். "டஸ்டர் லோயர் ஆர்ம் தானேண்ணா, ஸ்டாக் இருக்கு, எப்ப வர்றீங்க?" அவர் சொன்ன விலைக்கு நான் கொடுத்த பணத்தில் இரண்டு செட் வாங்கியிருக்கலாம்.

விஷயம் இதுதான். டெரானோவும் ரெனோ டஸ்டரும் மேல்தோற்றத்தில்தான் வேறு. அடித்தளம், சஸ்பென்ஷன், 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் எல்லாம் ஒன்று, இரண்டும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. டஸ்டர் 2012-ல் வந்தது, டெரானோ 2013-ல். டொயோட்டா கிளான்சாவும் மாருதி பலேனோவும் இப்படித்தான். பழைய மாருதி ஸ்விஃப்ட் டீசலிலும் டாடா இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட்டிலும் இருந்தது ஃபியட்டின் அதே 1.3 இன்ஜின்.

இதற்காக எல்லாமே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். முன் பம்பர், ஹெட்லைட், கிரில் எல்லாம் வேறு. வெளியே தெரிகிற சாமானுக்கு உங்கள் வண்டிப் பெயரைச் சொல்லுங்கள். அடியில் இருப்பதற்கு பழைய சாமானைக் கழற்றச் சொல்லி, நம்பர் தெரிந்தால் போட்டோ எடுத்து நாலு கடையில் கேளுங்கள். பில்லிலும் நம்பர் எழுதச் சொல்லுங்கள்.

பெட்டியோடு போய்க் கேட்டதற்கு அந்த மனிதர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே சார், இதுல என்ன ஏமாத்து?" அதைப் பத்து நாளைக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார். டீ வந்தது, கூடவே 2,000 ரூபாயும் வந்தது, அதற்கு மேல் பெயரவில்லை.